உதவித்தொகைக்கு வீடு பார்க்க வந்தார்கள்

பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. கணிதத்துக்கு எனக்கு இடம் கிடைத்தபோது எங்கள் சந்தே கொண்டாடியது. சந்து என்பது திருவனந்தபுரத்தில் தம்பானூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால், ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு நிற்கும் ஓட்டு வீடுகள். இருப்பவர்கள் எல்லாரும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஓட்டல் வேலை, கொத்து வேலை, கடை வேலை. அப்பா பக்கத்து ஓட்டலில் தோசை மாஸ்டர். அம்மா நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்தாள். எதிர்வீட்டு அத்தை பால்காரரை நிறுத்தி வைத்து, "எங்க பிள்ளை காலேஜ் டீச்சர் ஆவப் போறா" என்று சொன்னாள். நான் அப்போது வகுப்பில் போய் உட்காரக்கூட இல்லை.

இடம் கிடைத்ததே தவிர, கட்டணம் கட்ட வழியில்லை. வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகமே கட்டணத்தை ஏற்றுக்கொள்ளும் திட்டம் ஒன்று இருந்தது. விண்ணப்பித்தேன். அது கிடைக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதும் எனக்குத் தெரியும். சாலை பஜாரில் ஒரு துணிக்கடையில் அப்பா எனக்காகச் சொல்லி வைத்திருந்தார். சேலை மடிக்கிற வேலையை நான் கேவலமாக நினைக்கவில்லை. ஆனால் எனக்குக் கணக்கு படிக்க வேண்டும். அதை ஆசை என்று அடக்கமாகச் சொல்ல மாட்டேன். வெறி.

அப்பாவுக்குச் சம்பளச் சீட்டு கிடையாது, அன்றன்று கையில் வாங்குவதுதான். அதனால் நேரில் வந்து வீட்டைப் பார்த்து, அக்கம்பக்கத்தில் விசாரித்துவிட்டு முடிவு சொல்கிறோம் என்று ஃபோனில் சொன்னார்கள். அதை அப்படியே அம்மாவிடம் சொன்னேன். அவள் முகம் மலர்ந்தது. ஏன் மலர்ந்தது என்று எனக்கு அப்போது புரியவில்லை.

கல்யாண வயதில் பெண் இருக்கிற வீட்டுக்கு வெளியாள் வந்து, வீட்டைப் பார்த்து, அக்கம்பக்கத்தில் விசாரிப்பது அம்மாவுக்குத் தெரிந்து ஒரே காரியத்துக்குத்தான். அதற்கு எங்கள் சந்தில் ஒரு முறை உண்டு. யார் வீட்டுப் பெண்ணைப் பார்க்க வந்தாலும் மற்ற வீடுகளில் உள்ள நல்ல சாமான்கள் எல்லாம் அந்த வீட்டுக்கு இடம் மாறிவிடும். விசாரிக்க வருகிறவர்களிடம் ஒருவரைப் பற்றி ஒருவர் குறைத்துப் பேச மாட்டார்கள். நேற்று குழாயடியில் தலைமுடியைப் பிடித்துச் சண்டை போட்டவளும் இன்று தங்கமான குடும்பம் என்பாள். இப்படித்தான் எங்கள் சந்தில் பல பெண்களுக்குக் கல்யாணம் நடந்தது. யூனிவர்சிட்டிக்காரர்கள் வந்தாலும் மரியாதை ஒன்றுதானே என்பது அம்மாவின் எண்ணம்.

வருகிறவர்களுக்குச் சந்து பிடிபடாது என்று மறுநாள் நான் பஸ் நிலையத்துக்கே போய் அழைத்து வந்தேன். கைத்தறிச் சேலை கட்டிய ஒரு டீச்சர், ஃபைலை அணைத்துப் பிடித்த ஓர் அலுவலக ஊழியர். வழியெல்லாம் நான் நன்றாகப் பேசிக்கொண்டு வந்தேன். வாசலுக்கு வந்ததும், வீடு மாறி வந்துவிட்டேனோ என்று ஓர் அடி பின்வாங்கினேன்.

நான் புறப்படும்போது ஒரு பாயும் ஒரு ஸ்டூலும் இருந்த அறை அது. இப்போது சுவரோரம் அகலமான டிவி. நடுவில் குஷன் சேர்கள். மூலையில் நிற்கும் ஃபேன். கண்ணாடித் தட்டில் கேசரியும் மிக்சரும். நடுவில் அம்மா, தன் கல்யாணப் பட்டுச்சேலையில், யாருடையதோ ஒரு கவரிங் சங்கிலியுடன். "வாங்க, வாங்க, இருங்க" என்றாள்.

டீச்சர் சுற்றிலும் பார்த்துவிட்டு, மலையாளம் கலந்த தமிழில் கேட்டார். "இதொக்கே இவிடத்த சாமானா?"

"எல்லாம் நம்ம வீட்டுதுதான் டீச்சரம்மா. சாமி ஒரு குறையும் வைக்கல."

ஊழியர் எழுதத் தொடங்கினார். உண்மையைச் சொன்னால் வந்தவர்கள் முன்னால் அம்மாவின் மானம் போகும். சொல்லாவிட்டால் என் படிப்பு போகும். அம்மாவைப் பார்த்துக் கண்ணைக் காட்டினேன். அவளோ, வெட்கப்படாமல் கேசரியை எடுத்துக் கொடு என்று எனக்குக் கண்ணைக் காட்டினாள்.

அழைக்காமலே எதிர்வீட்டு அத்தை உள்ளே வந்தாள். "தங்கமான குடும்பம் கேட்டேளா? ஒருத்தர்கிட்ட கைநீட்ட மாட்டாங்க." பின்னாலேயே வந்த கொத்தனார் அண்ணன், "ஊர்ல தோட்டம் தொரவெல்லாம் உண்டும் சாரே" என்று தன் பங்குக்கு ஒரு போடு போட்டார். ஊரில் எங்களுக்கு இருந்தது ஒரு முருங்கை மரம். அதுவும் பக்கத்து வீட்டுக்காரர் பக்கம்தான் காய்க்கும். ஊழியர் தலையை ஆட்டியபடி எழுதினார். இவர்கள் எல்லாரும் என்னைத் தூக்கி வளர்த்தவர்கள். அந்த நிமிடம் ஒருவரையும் விடாமல் கழுத்தை நெரிக்கலாம் போலிருந்தது.

அந்த நேரம் பார்த்து அப்பா வந்தார். மத்தியான வேலை முடிந்து, மாவுக்கறை படிந்த லுங்கியும் தோளில் துண்டுமாக. அவரிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அறையைப் பார்த்துத் திகைத்து நின்றார்.

"ஏட்டி, இது யாரு வீட்டு டிவி?"

அப்பா ஊழியர் பக்கம் திரும்பினார். "சார், பாத்து இருங்க. இது எதிர்வீட்டு சேரு. பின்னங்கால் ஆடும்."

ஊழியர் சட்டென்று எழுந்துவிட்டார். டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அதை அடக்கிக்கொண்டார். அம்மா அழவில்லை. நிமிர்ந்தே நின்றாள்.

"ஆமா டீச்சரம்மா. டிவி அவங்களது, சேரு இவங்களது. உடுத்தியிருக்க சேலை மட்டும் எனக்குள்ளது. பிள்ளைக்கு நல்லது நடக்கட்டும்னு எல்லாருமா கொண்டாந்து வச்சாங்க."

வசதி இல்லாத வீடுகளுக்குத்தான் இந்த உதவி என்று டீச்சர் பொறுமையாக விளக்கினார். அம்மாவுக்குப் புரியப் புரியக் கோபம் ஏறியது.

"அப்போ ஒண்ணுமில்லன்னு காட்டி நிக்கணுமா? அதப் பாத்துத்தான் படிக்க வப்பீங்களா?"

"அல்ல சேச்சி" என்றார் டீச்சர். "ஆத்யம் நாங்க பார்த்தது மோளோட மார்க்குதான். நல்ல மார்க்கு. பைசா இல்லாததுகொண்டு அந்தப் படிப்பு நிக்கக்கூடாது. அத்ரேயுள்ளு, அவ்வளவுதான்."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் வாங்கும் மார்க்கை அப்பாவும் சந்தும் புகழ்ந்து அவள் கேட்டிருக்கிறாள். வெளியாள் ஒருவர் வீடு தேடி வந்து சொல்லி அன்றுதான் கேட்கிறாள்.

"அப்ப எழுதிக்கிடுங்க. எங்ககிட்ட பணம் இல்ல. எம் மவளுக்குப் படிப்பு வரும். ரெண்டையும் சேத்து எழுதுங்க."

ஊழியர் முன்பு எழுதியதை அடித்துவிட்டு, நின்றுகொண்டே புதிதாக எழுதினார். டீச்சர் கேசரியை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். கோபம் போன இடம் தெரியாமல் நான் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு பெருமையாக இருந்தது.

வகுப்பு தொடங்கிக் கொஞ்ச நாளில் உதவி கிடைத்தவர்களின் பட்டியலை அலுவலக வாசலில் ஒட்டினார்கள். உச்சியிலேயே, வருமானம் குறைந்த குடும்பத்து மாணவர்கள் என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. அந்தப் பக்கம் போகிறவர்கள் எல்லாரும் வேறு எதையோ பார்க்கிற மாதிரி நடந்தார்கள். நானும் ஓரக்கண்ணால் பார்த்து, என் பெயர் இருப்பதை உறுதி செய்துகொண்டு வேகமாகக் கடந்து போனேன். வீட்டில் சொன்னேன். அம்மாவுக்கு அது போதவில்லை. நேரில் பார்த்தே ஆக வேண்டும் என்றாள்.

"அதுல பாக்க என்னம்மா இருக்கு?"

"உம் பேரு இருக்குல்லா?"

அம்மாவுக்கு மலையாளமும் இங்கிலீஷும் படிக்க வராது. அலுவலக வாசலில் நின்று, எது எது என்று கேட்டு, நான் காட்டிய இடத்தில் விரலை வைத்தாள். வைத்த விரலை எடுக்காமலே காவலாளியைக் கூப்பிட்டாள்.

"சாரே, இது எம் மவளாக்கும். இவ மார்க்கப் பாத்து யூனிவர்சிட்டியே பைசா கெட்டிப் படிக்க வைக்குது."

தூணோரம் நின்ற மாணவர்கள் திரும்பினார்கள். அவர்களில் என் வகுப்புப் பெண் ஒருத்தியும் இருந்தாள். நெய்யாற்றின்கரையிலிருந்து வருகிறவள், முன் பெஞ்சுக்காரி. அதுவரை என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. தொலைந்தேன் என்று நினைத்தேன். அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் அசையவில்லை.

அந்தப் பெண் மெதுவாக எங்களிடம் வந்தாள். அம்மாவின் விரலுக்குக் கீழே, இரண்டு மூன்று பெயர் தள்ளி, தன் விரலை வைத்தாள்.

"ஆன்ட்டி, இது என்டெ பேரு."

அம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு மறுபடியும் காவலாளியைக் கூப்பிட்டாள். "சாரே, இந்தப் பிள்ளையும்தான்!"

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். அன்றுதான் அந்தப் பட்டியலின் முன்னால் நேராக நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி, என் பெயரை நானே வாசித்தேன்.