இரண்டு வாரத்துக்கு வந்த டெய்லர்

பத்து நாளாக எங்கள் கம்பெனி கேட்டில் 'டெய்லர் தேவை' போர்டு தொங்குகிறது. வெயிலில் வெளுத்ததுதான் மிச்சம்.

இன்று காலை தொழில்முனைவோர் கூட்டத்தில் என் முறை வந்ததும், "குழந்தைங்க டி-சர்ட் ஆர்டருங்க. ஆசையா தைக்கற ஆள் ஒருத்தர் வேணுங்க" என்றேன். கைநிறைய விசிட்டிங் கார்டு கிடைத்தது. அதில் தைக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை.

வெளியே வரும்போது, முதலிபாளையத்தில் யூனிட் வைத்திருக்கும் என் நேர் போட்டிக்காரர் பக்கத்தில் வந்தார்.

"எனக்கு ரெண்டு வாரம் ஆர்டர் இல்லீங்க. எங்க டெய்லர் செல்வராணியக் கேட்டுப் பாக்கறனுங்க."

மதியமே செல்வராணி வந்துவிட்டார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். மெஷினில் உட்காரும் முன் சாம்பிளை எடுத்து, கழுத்தை இழுத்துப் பார்த்தார்.

"இதுல பிள்ளைக்குத் தலை நுழையாதுண்ணே, அழும். தையலக் கொஞ்சம் லூஸ் பண்ணட்டுமா?"

நாங்கள் நான்கு பேர் பார்த்து ஓகே சொன்ன சாம்பிள் அது.

சாயங்காலம் போட்டிக்காரர் போன் செய்தார். "செல்வராணி வேலை எப்படிங்க?"

"சுமாருங்க" என்றேன். புகழ்ந்தால் நாளைக்கே கூப்பிட்டுக்கொள்வாரோ என்ற பயம்.

அவர் சிரித்தார். "எங்ககிட்ட இருக்கறதுலயே அவங்கதானுங்க பெஸ்ட். வேலை இல்லாம உக்கார வெச்சா வேற எங்கயாச்சும் போயிருவாங்க. உங்ககிட்டன்னா திருப்பிக் கேக்கலாமுங்க."

அப்போது சொல்லாததை இங்கே சொல்கிறேன்: ரொம்ப நன்றிங்க. சுமார் என்று சொன்னது பொய்.

கேட்டில் போர்டை இன்னும் கழற்றவில்லை. இரண்டு வாரம் கழித்து செல்வராணியைச் சிரித்த முகத்தோடு வழியனுப்புவது எப்படி என்று அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.