புள்ளி உண்டா, இல்லையா

கல்லை இடுக்கியால் எடுத்ததும் ஐரின் மூச்சை நிறுத்திக்கொள்வாள். மூச்சுப் பட்டால் வைரத்தின் மேல் ஆவி படரும். அது கலைய ஒரு நொடி போதும். அந்த நொடியையும் வீணாக்க அவளுக்கு மனம் வராது. லென்ஸ் வலது கண்ணில் இருக்கும். இடது கண்ணையும் மூடமாட்டாள். எதிரே நிற்பவர்களுக்கு அந்தக் கண் தங்களை எடைபோடுவதாகத் தோன்றும். உண்மையில் அது எதையும் பார்ப்பதில்லை.

தெற்கு ஆவணி மூல வீதியில் ஒரு நகைக்கடையின் மாடியில் பத்தொன்பது வருடமாக வைரம் பார்க்கிறாள். பசுமலையிலிருந்து பஸ்ஸில் வருவாள். அதற்கு முன் நிலவியலில் ஆராய்ச்சி. வைரத்துக்குள் சிக்கிய கனிமங்களைப் பற்றி. வழிகாட்டிய பேராசிரியர் ஓய்வு பெற்றார், உதவித்தொகை நின்றது, பட்டம் வரவில்லை. அந்தப் படிப்பில் கடைக்குத் தேவைப்பட்டது கொஞ்சம்தான். அவள் எழுதித் தரும் சீட்டில் ‘புள்ளி’ என்று அச்சிட்டு எதிரே இரண்டு கட்டங்கள்: உண்டு, இல்லை.

இந்தப் பக்கத்தில் வைரத்தை வாங்கியவுடன் போட்டுக்கொள்ள மாட்டார்கள். மூன்று நாள் வீட்டில் வைத்துப் பார்ப்பார்கள். அதற்குள் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலோ, மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடினாலோ கல் கடைக்குத் திரும்பிவிடும். கரும்புள்ளி இருந்தால் வீட்டுக்கே வராது. ஐரின் வருபவர்களிடம் சொல்லிப் பார்த்தாள். பூமிக்குள் நூற்றைம்பது கிலோமீட்டருக்குக் கீழே, ஆயிரம் டிகிரி சூட்டில், மேலே கிடக்கும் பூமியின் பாரத்தில் கரி வைரமாக வளர்கிறது. வளரும்போது பக்கத்தில் கிடந்த கனிமத் துணுக்கையும் உள்ளே வைத்து மூடிக்கொள்கிறது. யாரும் போய்ப் பார்க்க முடியாத இடத்தின் சாட்சி அது. சிலவற்றுக்கு முந்நூறு கோடி வயது.

மேலாளர் முகேஷ் ஒருநாள் குறுக்கிட்டார். “மேடம், முந்நூறு கோடி வருசமெல்லாம் வேணாம். வாரவங்க மூணு நாள் கணக்கோட வாராங்க. உண்டா இல்லையா, அதோட விடுங்க.”

அதோடு விட்டாள். ஆனால் சீட்டில் ஒருபோதும் பொய் எழுதியதில்லை. தன் படிப்பில் மிச்சம் அது ஒன்றுதான் என்று நினைத்துக்கொள்வாள்.

போன மாதம் கொட்டாம்பட்டிப் பக்கமிருந்து தங்கப்பொண்ணு வந்தாள், கூட மருமகள் திவ்யா. கல்யாணமான ஐந்தாம் மாதம் நான்குவழிச் சாலையில் லாரி மோதி மகன் இறந்துபோயிருந்தான். பெண் வீட்டில் போட்ட வைர மூக்குத்தி காகிதப் பொட்டலத்தில் இருந்தது. புள்ளி இருந்தால், குறைக்கல்லைக் கொடுத்து மகனைக் கொன்ற வீட்டுக்கே மருமகளை இன்று பஸ் ஏற்றிவிடப்போவதாகத் தங்கப்பொண்ணு சொன்னாள்.

திவ்யா வாய் திறந்தது ஒருமுறைதான். “அங்க சித்தி சேத்துக்காது மேடம்” என்றாள், மேசையைப் பார்த்தபடி.

ஐரின் மூச்சை நிறுத்தினாள். கல்லின் நடுவே கருத்த கந்தகக் கனிமம் ஒன்று. கல் பூமிக்குள்ளிருந்து மேலே வந்தபோது பாரம் விலகியதும் அது விரியப் பார்த்து, சுற்றிலும் இதழ் இதழாக வைரத்தைக் கீறிவைத்திருந்தது. ஆராய்ச்சிக் காலத்தில் அவள் படத்தில் மட்டுமே கண்டது. வழக்கத்தைவிட நெடுநேரம் பார்த்தாள். பிறகு ‘இல்லை’ கட்டத்தில் கோடிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

தங்கப்பொண்ணு எழுத்துக் கூட்டி இரண்டு முறை வாசித்தாள்.

“அப்பக் கல்லு சுத்தம்” என்றாள். “கல்லுல இல்லேன்னா இவகிட்டத்தேன் இருக்கு. பாவம், இம்புட்டு நாளா நான் கல்லையில்ல வைஞ்சுக்கிட்டு இருந்திருக்கேன். வீட்டுக்கு வாடி, பேசிக்கிருவோம்.”

திவ்யா எழுந்து நின்றாள். தங்கப்பொண்ணு சீட்டை நான்காக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டிருந்தாள். அதைத் திருப்பித் தரச் சொல்லி ஐரின் கையை நீட்டினாள்.