சனிக்கிழமை பத்து மணி வாளி

எந்த உலோகம் எந்தச் சூட்டில் வளையும், எவ்வளவு பாரத்தில் உடையும் என்று வஜ்தி கம்மூனைக் கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வான். துனீசியாவின் ஸ்ஃபாக்ஸ் நகரிலிருந்து ஸ்டுட்கார்ட்டுக்கு வந்து மூன்று வருடமாக அதைத்தான் படிக்கிறான். ஆனால் ஒரு முழ நீளமுள்ள மரப்பலகை ஒன்று அவனை அந்த வருடம் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல.

அதற்கு முந்தைய கண்டங்களையெல்லாம் அவன் தாண்டியாகிவிட்டது. காலி சாஸ் பாட்டில்களை, சத்தமே போடக் கூடாத ஞாயிற்றுக்கிழமை மதியம், கண்ணாடி சேகரிக்கும் தெருத் தொட்டியில் போட்டு, எதிர்வீட்டுக் கிழவர் ஜன்னலைத் திறந்து அன்றைய கிழமையைச் சத்தமாக அறிவிக்கக் கேட்டிருக்கிறான். வண்டியே இல்லாத தெருவைச் சிவப்பு விளக்கில் கடந்து, கைக்குழந்தையோடு நின்ற பெண்ணிடம் "பிள்ளை பார்க்குதே, வெக்கமா இல்லையா" என்று வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறான். அந்தக் குழந்தைக்கு வயது எட்டு மாதம். இருந்தாலும் அவனுக்கு இந்த ஊர் பிடித்திருந்தது. ஸ்ஃபாக்ஸ்காரர்களைத் துனீசியா முழுக்கக் கஞ்சர்கள், வேலைப் பைத்தியங்கள் என்று கேலி செய்வார்கள். ஸ்டுட்கார்ட்காரர்களை ஜெர்மனி முழுக்க அப்படியே கேலி செய்வார்கள். சம்பந்தி வீட்டுக்கு வந்த மாதிரிதான் இருந்தது.

சம்பந்தி வீட்டில் ஒரு மாமியாரும் இருந்தார். எபர்லே அம்மாள். எழுபத்துநான்கு வயது. நான்கு தளம் கொண்ட அந்தப் பழைய வீட்டின் சொந்தக்காரர், கீழ்த்தளத்தில் குடியிருப்பவர். ஒரு பள்ளி அலுவலகத்தில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்றது பள்ளிக்கூடத்துக்குத்தான் நிம்மதி, வீட்டுக்கில்லை. மூன்றாம் மாடியில் கூரைச் சரிவுக்குக் கீழே இருந்த ஒற்றை அறையை வஜ்திக்கு மூன்று மாதத்துக்கு மட்டும் விட்டிருந்தார்.

"மூணு மாசம் பார்ப்போம். ஒத்துவந்தா நீட்டிக்கலாம்," என்றார்.

அந்த மூன்று மாதம் நவம்பரில் முடிந்தது. வஜ்தியின் குடியிருப்பு அனுமதியும் நவம்பரில்தான் முடிந்தது. அனுமதியை நீட்டிக்க வேண்டுமானால் குடியிருக்க இடம் இருக்கிறது என்று காட்ட வேண்டும், அதற்கு எபர்லே அம்மாளின் கையெழுத்து வேண்டும். வெளிநாட்டினர் அலுவலகத்தில் மூன்று மாதம் காத்திருந்து வாங்கிய நேரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று இருபது. அதைத் தவறவிட்டால் அடுத்தது பிப்ரவரி. அதற்குள் விமானம் ஏற வேண்டியதுதான், பாதிப் பட்டத்தோடு. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டார் என்பது போல, அரசாங்கமே அனுமதி தரத் தயாராக இருக்க, எபர்லே அம்மாள் பேனாவைத் திறக்கவில்லை. காரணம் அந்தப் பலகை.

'பெருக்கும் வாரம்' என்று எழுதிய பலகை. ஞாயிறு மாலை யார் வீட்டுக் கதவுக் கைப்பிடியில் அது தொங்குகிறதோ, அந்த வாரம் மாடிப்படி முழுவதையும் சுத்தம் செய்வது அவர்கள் பொறுப்பு. கீழே எபர்லே அம்மாள், முதல் மாடியில் பல் மருத்துவத் தம்பதி, இரண்டாவதில் பேருந்து ஓட்டும் ஜெலால், மூன்றாவதில் வஜ்தி. நான்கு வாரத்துக்கு ஒரு முறை பலகை ஏறி வரும்.

முதல் முறை வந்தபோது வஜ்தி கீழே வரை இறங்கிப் பார்த்தான். தேக்கு நிறத்தில் மெழுகு பூசிய மரப்படிகள். முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தன. அழுக்கு இல்லாததை எப்படிச் சுத்தம் செய்வது? பொறியியல் மூளை அல்லவா, வேலை முடிந்ததாகக் கணக்குப் போட்டு, ஞாயிறு மாலை பலகையை எபர்லே அம்மாளின் கதவில் மாட்டிவிட்டான். திங்களன்று அவன் கதவுக்கடியில் கடிதம் கிடந்தது. 'பெருமதிப்புக்குரிய திருவாளர் கம்மூன்' என்று தொடங்கியது. இந்த ஊரில் திட்டு எவ்வளவு கனமோ மரியாதையும் அவ்வளவு கனம்.

"படியில அழுக்கே இல்லையேம்மா," என்று நேரில் போய் விளக்கினான்.

"நான் அழுக்கைப் பத்தி எழுதினேனா? வாரத்தைப் பத்தித்தான் எழுதினேன்," என்று எபர்லே அம்மாள் கதவைச் சாத்தினார்.

இரண்டாம் முறை அவன் விடவில்லை. வியாழன் விடியற்காலை, வகுப்புக்குப் போவதற்கு முன், யாரையும் எழுப்பாமல் பூனை மாதிரி இறங்கி ஒவ்வொரு படியையும் ஈரத்துணியால் துடைத்தான். திங்களன்று மறுபடியும் பெருமதிப்புக்குரிய திருவாளர் கம்மூன். இம்முறை கடைசி வரி வேறு: 'ஒப்பந்தத்தை நீட்டிப்பது குறித்து உங்களின் அடுத்த வாரத்துக்குப் பிறகு முடிவு செய்வேன்.'

கடிதத்தைத் தூக்கிக்கொண்டு ஜெலாலிடம் ஓடினான். ஜெலாலின் அப்பா துருக்கியிலிருந்து வந்தவர். ஜெலால் பிறந்தது இதே தெருவில். எபர்லே அம்மாளையே சில நேரம் ஒழுங்கு கெட்டவர் என்று சொல்லும் அளவுக்கு ஊறிப்போன ஸ்டுட்கார்ட்காரர்.

"என்னைக்குத் துடைச்ச தம்பி?"

"வியாழக்கிழமைண்ணே. காலையில அஞ்சரைக்கு."

"யாரு பார்த்தா?"

"யாரும் பார்க்கல. எல்லாரும் தூங்கிட்டிருந்தீங்க."

"அப்ப துடைக்கல," என்றார் ஜெலால். "சனிக்கிழமை, காலை பத்து மணி. தகர வாளி எடு, பிளாஸ்டிக் வேணாம், சத்தம் வராது. மேல இருந்து டங்குன்னு வெச்சுக்கிட்டே இறங்கணும். கிழவி கதவைத் திறந்து காலை வணக்கம் சொல்லுவாங்க. நீயும் சொல்லு. முதுகைப் பிடிச்சுக்கிட்டு ஒரு தடவை நிமிரு. அவ்வளவுதான் வேலை. என்ஜினியருக்குப் படிக்கிற, இதுகூடத் தெரியல."

மூன்றாம் முறை பலகை வந்தது. செவ்வாய் பதினொன்று இருபதுக்கு மூன்று நாள் முன்பு அவனுடைய சனிக்கிழமை வந்தது. வெள்ளி இரவு தூக்கம் வராத வஜ்தி, காலையில் எழுந்ததும் அம்மாவுக்கு போன் போட்டான். அங்கேதான் தப்பு நடந்தது.

"படி கழுவறதுக்கு இவ்வளவு கவலையா?" என்றாள் அவன் அம்மா ஸல்வா. மூலைமுடுக்கு விடாமல் வீட்டைக் கழுவுகிறவள், அவளிடம் யாரும் இதுவரை யோசனை கேட்டதில்லை என்பதால் உற்சாகமாகிவிட்டாள். "துணியால தடவறது சோம்பேறி வேலைடா. அழுக்கு எங்க போகும்? இங்க இருந்து அங்க நகரும். மேல இருந்து சோப்புத் தண்ணிய நல்லா ஊத்து. ரப்பர் கட்டையால தள்ளிக்கிட்டே இறங்கு. நம்ம வீட்டுப் படிய நான் எப்படிக் கழுவறேன்? அதே மாதிரி. அந்தம்மா அசந்து போயிடணும்."

ஸல்வாவின் படி ஓடு பதித்தது. தண்ணீர் ஊற்றினால் முற்றத்துக்குப் போய், முற்றத்திலிருந்து தெருவுக்குப் போய்விடும். இதை அவள் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. மரம் தண்ணீர் குடித்தால் எவ்வளவு உப்பும் என்ற கேள்விக்குப் போன பருவத் தேர்வில் முழு மதிப்பெண் வாங்கியவன், அம்மா சொல்லிவிட்டாள் என்றதும் படித்ததையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டான். படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்று சும்மாவா சொன்னார்கள்.

சரியாகப் பத்து மணிக்கு மூன்றாம் மாடியில் தகர வாளி டங்கென்று உட்கார்ந்தது. இரண்டாம் மாடியில் ஜெலால் திருப்தியாகத் தலையாட்டினார். பிறகு ஒரு பெரிய சலசலப்பு கேட்டது. ஜெலால் கதவைத் திறந்தபோது அவர் வாசல் வழியாக நுரை இறங்கிக்கொண்டிருந்தது.

"டேய், என்னடா பண்ற?"

"கழுவறேண்ணே," என்றான் வஜ்தி, இரண்டாவது வாளியைச் சாய்த்தபடி.

தண்ணீர் படிப்படியாக இறங்கியது. படி இடுக்கில் புகுந்து அடுத்த படிக்குச் சொட்டியது, திருப்பத்தில் வளைந்தது, பல் மருத்துவர் வாசலிலிருந்த செருப்பு ஒன்றைக் கூட்டிக்கொண்டு கீழே போனது. எபர்லே அம்மாள் காலை வணக்கம் சொல்லக் கதவைத் திறந்தார். சொல்லவில்லை. அவர் கால்மிதியடி மிதந்தது.

"மிஸ்டர் கம்மூன்," என்றார் மெதுவாக. "இந்தப் படிக்கு நூத்திப் பத்து வயசு. இதுவரைக்கும் யாரும் இதைக் குளிப்பாட்டினதில்ல." பிறகு ஜெலாலையும் பல் மருத்துவத் தம்பதியையும் சாட்சிக்கு அழைப்பது போல மேலே பார்த்தார். "நீங்களே சொல்லுங்க. இவருக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?"

வஜ்தி ரப்பர் கட்டையைப் பிடித்தபடி நடுப்படியில் நின்றான். விமான நிலையத்தில் அம்மா நிற்பதும், என்ன ஆயிற்று என்று அக்கம்பக்கத்தார் அவளைக் கேட்பதும், படியைக் கழுவினேன் அதனால் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று தான் சொல்வதும் கண்முன் வந்துபோயின. அழுதுவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டான்.

ஆனால் சாட்சிகள் யாரும் அவனைப் பார்க்கவில்லை. எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எபர்லே அம்மாளின் வாசலில் தேங்கியிருந்த தண்ணீர் கறுப்பாக இருந்தது. கொஞ்சம் கறுப்பு இல்லை, அடுப்புக்கரியைக் கரைத்த மாதிரி. இடுக்குகளிலிருந்து ஊறிக் கிளம்பிய பழைய மெழுகும், மண்ணும், முடியும், யாரோ என்றோ தொலைத்த ஒரு கோட்டுப் பொத்தானும் அதில் மிதந்தன.

ஐம்பது வருடமாக, ஒரு சனிக்கிழமை விடாமல், பத்து மணிக்கு வாளிச் சத்தம் கேட்ட படி அது.

பல் மருத்துவர் கனைத்தார். ஜெலால் தன் காலுறையை ஆராய்ந்தார். போன வாரம் அவருடைய வாரம். பிறகு பல் மருத்துவரின் மனைவி உள்ளே போய் நான்கு துண்டுகள் கொண்டுவந்தார். ஜெலால் வெளியில் போய், திறந்து கிடந்த தெருக்கதவைச் சாத்தினார். எதிர்வீட்டுக் கிழவர் ஜன்னலோரம் வந்துவிட்டிருந்தார்.

மதியம் வரை நான்கு வீட்டுக்காரர்களும் மண்டியிட்டுப் படியைத் துடைத்தார்கள். அந்த வீட்டின் வரலாற்றில் படி உண்மையிலேயே சுத்தமானது அன்றைக்குத்தான். மரம் ஓரிரண்டு இடத்தில் லேசாக உப்பியது. எபர்லே அம்மாள் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, வஜ்தியைத் தன் சமையலறைக்குக் கூப்பிட்டார்.

"உங்க ஊர்ல எல்லாரும் இப்படித்தான் தண்ணி ஊத்துவாங்களா?"

"ஆமாம்மா."

"எந்தக் கிழமை?"

"கிழமைன்னு இல்லம்மா. அழுக்கானா கழுவுவாங்க."

எபர்லே அம்மாள் கையிலிருந்த கறுத்த துண்டைப் பார்த்தார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஒப்பந்தத்தை எடுத்தார். இரண்டு வருட நீட்டிப்பு, முன்னமே தட்டச்சு செய்து தயாராக இருந்தது. அதன் அடியில் கையால் ஒரு வரி சேர்த்தார்: 'குடியிருப்பவர் படியில் தண்ணீர் ஊற்றக் கூடாது.' இன்னொரு வரியை எழுதவில்லை, வாயால் சொன்னார்.

"இன்னிக்கு நடந்தது இந்த வீட்டை விட்டு வெளிய போகக் கூடாது, மிஸ்டர் கம்மூன். எதிர்வீட்டுக்காரர் கேட்டா, குழாய் உடைஞ்சதுன்னு சொல்லுங்க."

"சரிம்மா," என்றான் வஜ்தி. கையெழுத்து விழுந்தது.

செவ்வாய் பதினொன்று இருபதுக்கு அந்தக் காகிதம் ஒரு மேசையில் வைக்கப்பட்டது. அதிகாரி கடைசி வரியை இரண்டு முறை படித்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் முத்திரை குத்தினார்.

நான்கு வாரம் கழித்துப் பலகை மறுபடியும் ஏறி வந்தது. சனிக்கிழமை பத்து மணிக்குத் தகர வாளி டங்கென்றது. அதில் இரண்டு விரல் ஆழம் தண்ணீர் இருந்தது. நன்றாகப் பிழிந்த துணியைப் படிமேல் காட்டிக்கொண்டே வஜ்தி இறங்கினான். ஒவ்வொரு திருப்பத்திலும் வாளியைச் சத்தமாக வைத்தான். எபர்லே அம்மாள் கதவைத் திறந்து காலை வணக்கம் சொன்னார். அவனும் சொன்னான். முதுகைப் பிடித்துக்கொண்டு ஒரு முறை நிமிர்ந்தான். எல்லாம் ஏழு நிமிடம்.

மாடிக்குப் போனதும் அம்மா போனில் வந்தாள்.

"என்னடா, படியெல்லாம் நல்லாச் சுத்தமாச்சா?"

"எல்லாரும் பார்த்தாங்கம்மா."

"நான் அதையா கேட்டேன்?" என்றாள் ஸல்வா.