தொண்டூர் பாலத்துக்கு யார் பொறுப்பு

1963 ஐப்பசி மழையில், செஞ்சியிலிருந்து தொண்டூர் போகும் சாலையில் புதிதாகக் கட்டிய சிறுபாலம் இடிந்து விழுந்தது. கட்டி ஏழு மாதம்கூட ஆகவில்லை. வேர்க்கடலை மூட்டை ஏற்றி வந்த வண்டி கவிழ்ந்ததில் வண்டிக்காரர் கன்னியப்பனுக்கு ஒரு கால் போயிற்று.

பாலத்தைக் கட்டிய கொத்தனார் ராஜாங்கத்தை விசாரணைக்கு அழைத்தார்கள். அவர் உள்ளதைச் சொன்னார். "மணலு முழுக்க மண்ணு கலந்த சவுடு சார். சிமெண்டும் பத்தாதுன்னு அப்பவே சொன்னேன். சொன்னதச் செய்யின்னுட்டாரு கான்ட்ராக்டரு." அதிகாரி எழுதிக்கொண்டு கைநாட்டு வாங்கினார். கையில் ஒரு நகலும் கொடுத்தார்கள்.

வீட்டில் அதைப் படித்தவன் மகன் அரங்கநாதன். எஸ்.எஸ்.எல்.சி. படித்துக்கொண்டிருந்தான். 'என் கவனக்குறைவால் கலவை கெட்டது' என்று இருந்தது.

"நைனா, இதுல இன்னா எழுதியிருக்குதுன்னு கேட்டியா?"

"நான் சொன்னதத்தான எழுதினாங்க?"

அவன் அந்த வரியை அப்பாவுக்குப் படித்துக் காட்டினான். மறுநாள் பள்ளிக்கூடம் போகாமல் நேராக விசாரணை நடந்த அலுவலகத்துக்குப் போனான். அதிகாரி பேனாவைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"நீ இன்னா இன்ஜினீயரா? கலவையப் பத்தி உனக்கு இன்னாடா தெரியும்?"

கலவையைப் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாததுதான் அவனை அதிகம் சுட்டது.

தேர்வு முடிந்ததும் தலைமையாசிரியர் வாத்தியார் பயிற்சிக்கு மனுப்போடச் சொன்னார். அவன் கேட்கவில்லை. பாலிடெக்னிக் நேர்முகத்தில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஏன் சிவில் என்று ஒருவர் கேட்டார்.

"எங்க நைனா தப்பு பண்ணலன்னு நான் எழுதினா, அத ஆபீசுல படிச்சாகணும் சார்."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பும் அவனுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் இடம் கிடைத்தது.

ஊரில் ராஜாங்கத்தை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. அம்மா ராஜாம்பாள் களையெடுக்கப் போய்ச் சோறு போட்டாள். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் கொத்துக்கரண்டி பிடித்த அப்பாவின் கை சும்மா கிடப்பதை அரங்கநாதன் பார்த்தான்.

இரண்டாம் வருடம், ஓடையில் கிடந்த இடிபாட்டிலிருந்து நான்கு கட்டிகளைச் சாக்கில் கட்டி பஸ்ஸில் கொண்டுபோனான். ஆசிரியர் அனுமதியோடு சோதனைக்கூடத்தில் பிரித்துப் பார்த்தான். பாதிக்குப் பாதி சவுட்டு மண். சிமெண்ட், இருக்க வேண்டியதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. சோதனை முடிவை எழுதினான்; ஆசிரியரும் அதில் கையெழுத்திட்டார்.

1967இல் டிப்ளமா வாங்கியதும் சோதனை முடிவை இணைத்து அதே அலுவலகத்துக்கு மனு அனுப்பினான். பதில் இல்லை. மறுபடி அனுப்பினான். ஆறாவது மனுவுக்குப் பிறகு ஒரு தாள் வந்தது. கொத்தனார் ராஜாங்கம் பொறுப்பல்ல என்று ஒரே வரி.

ராஜாங்கம் அதை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். "போதும்டா, உடு" என்றார்.

"அப்ப யாரு பொறுப்புன்னு எழுதல நைனா. கன்னியப்பன் காலுக்கு யாரு பதில் சொல்றது?"

அன்றைக்கே ஏழாவது மனுவை எழுத உட்கார்ந்தான்.