பில்லில் இருந்த குண்டு

கல்முனையில் சிறிய புடவைக் கடை வைத்திருக்கிறேன். பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்குப் பில் காட்டினால் கட்டிய வரியில் கொஞ்சம் திரும்பக் கிடைக்கலாம் என்று கணக்காளர் சொன்னார். பில்களைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அம்பாறை வரி அலுவலகத்துக்குப் பஸ் ஏறினேன்.

வழியில் சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். ஓரளவு தமிழ் வாசிக்கத் தெரிந்த சிங்களப் பொலிஸ்காரர் ஒருவர் என் பில்களைப் புரட்டிக்கொண்டு வந்து, ஒன்றில் நின்றுவிட்டார்.

“குண்டு ஒண்டு. யாருக்கு வாங்கினது?”

“என்ட மகளுக்கு, சேர்” என்று உளறிவிட்டேன்.

அவர் பின்வாங்கினார். பக்கத்தில் நின்றவரின் துப்பாக்கி என் நெஞ்சுக்கு நேரே உயர்ந்தது. மகள் விளையாட்டுப் போட்டியில் எறியும் இரும்புக் குண்டு அது. அவள் முற்றத்தில் பழகுவதுபோலவே, வெறுங்கையைக் கழுத்தில் வைத்து, இடுப்பில் கட்டிய சாரனோடு ஒரு பக்கம் சாய்ந்து, மெதுவாக எறிந்து காட்டினேன்.

பொலிஸ்காரர் சிரித்துவிட்டார். “ஸ்போர்ட்ஸ் மீட்டா? சரி, போங்க.”

இப்போது பள்ளிக்கு எது வாங்கினாலும், கடைக்கார அண்ணனிடம், “காக்கா, விளையாட்டுச் சாமான் எண்டு எழுதுங்க” என்று சொல்லி, பில்லை வாசித்துப் பார்த்த பிறகே கடையை விட்டு இறங்குகிறேன். வரிப்பணம் திரும்பி வரவில்லை. நான் வந்தேன், அல்ஹம்துலில்லாஹ்.