இறக்கத்தில் எதற்கு இஞ்சின்

என் வீட்டுக்காரர் கர்ணனுக்குக் காசு செலவழிக்க வேண்டுமென்றால் காய்ச்சலே வந்துவிடும். குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது, பிள்ளைகள் மேல் உயிர். பர்ஸைத் திறக்கச் சொன்னால் மட்டும் காது கேட்காது. கம்பத்தில் வாழைக்காய் மண்டி வைப்பதற்கு முன்னால் ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றும் ஜீப் ஓட்டியவர். அந்த ஜீப்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. மலையிலிருந்து இறங்கும்போது இஞ்சினை அணைத்துவிட்டு, நியூட்ரலில் உருட்டிக்கொண்டே அடிவாரம் வந்து சேர்வார்கள். "இறக்கத்துல எதுக்கு இஞ்சினு? மலையே தள்ளிவிடுது" என்பார் இவர்.

இந்த மே மாதம் பிள்ளைகளின் நச்சரிப்புத் தாங்காமல் கேரளாவில் இருக்கும் வாகமண் மலைக்குக் கூட்டிப்போகச் சம்மதித்தார். வாடகைக்கு வண்டி எடுப்பாரா? என் தம்பி சூரியபிரகாஷின் காரை இரவல் வாங்கினார். ஓட்டல் பக்கமே தலைவைக்கக் கூடாதென்று எல்லா வேளைக்கும் புளிச்சோறு கட்டவைத்தார். அங்கே போய்ச் சின்னவள் அபிதா குதிரை ஏற வேண்டுமென்று அழுதாள். "குதிரைக்குக் கால் வலிக்கும் ஆத்தா" என்று சொல்லிவிட்டார் மனுஷன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

திரும்பும்போது கட்டப்பனையிலேயே பெட்ரோல் முள் சிவப்புக்கு வந்துவிட்டது.

"ஏங்க, கொஞ்சமாச்சும் போடுங்க."

"கேரளாவுல வெல கூட, பவானி. மெட்டு வரைக்கும் போயிட்டாப் போதும். அங்கன இருந்து உருட்டிக்கிட்டே கம்பம் போயிரலாம்."

எல்லையில், மலை உச்சியில் இருக்கும் கம்பம்மெட்டு தாண்டி இறக்கம் தொடங்கியதும் சாவியைத் திருப்பி இஞ்சினை அணைத்தார். கார் சத்தமில்லாமல் உருண்டது. முதல் வளைவில் பிரேக் பிடித்தது. அடுத்ததில் அரைகுறையாகப் பிடித்தது. அதற்கும் அடுத்த வளைவு கண்ணில் பட்டபோது அவர் முகம் வெளிறிப் போயிருந்தது.

"பிரேக்கு கல்லு மாதிரி இருக்குடி!"

ஸ்டியரிங்கும் திரும்ப மறுத்தது. இஞ்சின் ஓடினால்தான் இந்தக் காரில் இரண்டும் லேசாக இருக்குமாம். அவருடைய பழைய ஜீப்பில் அந்தத் தொல்லையே கிடையாது. இதெல்லாம் எங்களுக்குப் பிறகு தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்தது, வளைவுக்கு அந்தப் பக்கம் வெறும் பள்ளம், பின்சீட்டில் என் இரண்டு பிள்ளைகள், அவ்வளவுதான்.

"ஸ்டார்ட் பண்ணுங்க! சாவியத் திருப்புங்க!"

திருப்பினார். கிர்ரென்று இழுத்தது, பிடிக்கவில்லை. மறுபடி திருப்பினார். மிச்சமிருந்த சொட்டுப் பெட்ரோலும் சரிவில் எந்த மூலைக்கு ஓடியதோ! பெரியவள் கயல் தங்கையை இறுக்கிக் கட்டிக்கொண்டு அலறினாள். "சுருளி வேலப்பா, எம்புள்ளைகளக் காப்பாத்து!" என்று கத்திக்கொண்டே இரண்டு கையாலும் ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து இழுத்தேன். அவர் ஸ்டியரிங் மேலேயே கவிழ்ந்து மலைப்பக்கம் திருப்பினார். கார் சாலையோர ஓடைக்குள் இறங்கி மண்மேட்டில் முட்டி நின்றது.

அபிதாவின் உதடு கிழிந்திருந்தது. மற்றபடி எல்லோரும் பிழைத்துக் கிடந்தோம்.

"மலை தள்ளிவிடும்னீகளே, தள்ளிச்சா? புள்ளைகளக் கொன்னுட்டு அந்தக் காச எங்கன கொண்டுபோய் வைக்கப் போறீக?" வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். அவர் சின்னவள் உதட்டைத் துண்டால் ஒற்றிக்கொண்டே இருந்தார்.

கொஞ்ச நேரத்தில் மேலிருந்து ஒரு ஜீப் வந்தது. ஓட்டியவர் இவருடைய பழைய கூட்டாளி சங்கரலிங்கம். காரைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது.

"ஏலே கர்ணா, ஜீப்புன்னு நெனச்சு உருட்டிட்டியாடா?" என்று தலையில் அடித்துக்கொண்டார். "காரைக் காலையில வந்து தூக்கிக்கலாம். புள்ளைகளோட ஏறு தங்கச்சி."

ஏறினோம். இவர் முன்சீட்டில், அபிதா இவர் மடியில். ஒரு வளைவு தாண்டியதும் சங்கரலிங்கம் எதையோ பேசிக்கொண்டே, வழக்கம்போல, சாவிக்குக் கையைக் கொண்டுபோனார்.

இவர் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தார்.

"வேணாம்டா. இஞ்சின் ஓடட்டும்."

"இறக்கத்துல எதுக்குடா வீணா டீசலு? நீதானடா எனக்கு இதச் சொல்லிக்குடுத்த!"

"டீசலுக்கு நான் காசு தாரேன். ஓடட்டும்டா."

சட்டைப்பையில் இருந்த நோட்டுகளை அப்படியே அள்ளி சங்கரலிங்கத்தின் மடியில் வைத்தார். எண்ணிப் பார்க்கவில்லை.