கெடுக்க முடியாத காப்பி

நல்ல காப்பி கொடுத்ததால் என் மனைவிக்கு இடமாறுதல் தள்ளிப்போனது. இதை நான் செய்தியாக அனுப்பியிருந்தால் எங்கள் ஆசிரியர் நம்பியிருக்க மாட்டார்.

கள்ளக்குறிச்சி அப்போது தனி மாவட்டம் ஆகவில்லை. நான் அங்கே ஒரு நாளிதழின் நிருபர். மனைவி கல்வராயன் மலையில், கரியாலூருக்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. சனிக்கிழமைகளில் பஸ் பிடித்து மேலே போவேன். மகள் எங்கள் இருவரோடும் இல்லை. திருக்கோவிலூரில் மனைவியின் அக்கா வீட்டில் வளர்ந்தாள். அந்த அக்காவை 'அம்மா' என்று கூப்பிடத் தொடங்கியிருந்தாள். அவள் ஒன்றாம் வகுப்பில் சேருவதற்குள் திருக்கோவிலூருக்கு மாறுதல் வாங்கிவிட வேண்டும் என்பதைத் தவிர எங்களுக்குள் வேறு பேச்சே இல்லை.

பரிந்துரை செய்யவேண்டிய அதிகாரி பள்ளியைப் பார்வையிட அடிக்கடி வந்தார். மலைப் பள்ளிக்கு அதிகாரி அடிக்கடி வருவது அபூர்வம். இவரை வரவழைத்தது காப்பி. பக்கத்து வீட்டம்மாள் கொல்லையில் பலா மர நிழலில் கொஞ்சம் காப்பிச் செடிகள் வைத்திருந்தார். பழத்தைப் பறித்துக் காயவைத்து, கொட்டையை இரும்புச் சட்டியில் வறுத்து இடித்துத் தருவார். அதை முதல்முறை குடித்ததுமே அதிகாரி கண்ணை மூடிக்கொண்டாராம்.

"கீழ எங்க கெடைக்குது டீச்சர் இந்த மாதிரி? நீங்க எறங்கிட்டா நான் இன்னா பண்றது?"

விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். விண்ணப்பம் அவர் மேசையை விட்டு நகரவில்லை.

"காப்பி நல்லா இருக்கிற வரைக்கும் எனக்கு மலைதாங்க," என்றாள் மனைவி. "கெடுத்துட வேண்டியதுதான்."

காப்பியின் ருசி எதையெல்லாம் பொறுத்தது என்று அப்போதுதான் யோசித்தோம். முதலில் கொட்டையைக் கரியாகும்வரை வறுத்தாள். "இன்னிக்கு ஸ்ட்ராங்கு ஜாஸ்தி. இதான் காப்பி" என்றார் அதிகாரி. அடுத்த தடவைக்கு, கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் சிக்கரியில் காப்பி வாசனை காட்டிய ஒரு தூளை வாங்கிப் போனேன். "எல்லாம் மலைத் தண்ணி மகிமை" என்றார். அதற்கடுத்த முறை, முந்தின நாள் டிகாக்ஷனைத் திரும்பத் திரும்பக் கொதிக்கவிட்டு, பக்கத்து வீட்டில் வாங்கிய ஆட்டுப்பாலை ஊற்றிக் கொடுத்தாள். இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

"இந்த மனுஷனுக்கு நாக்குன்னு ஒண்ணு இருக்குதா இல்லியா?" என்று மனைவி அடுப்பாண்டை நின்று என்னைக் கேட்டாள்.

பிறகு, வீட்டிலேயே போட்டுக் குடிக்கட்டும் என்று நல்ல தூளில் ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தோம். அது பெரிய தவறு. அடுத்தமுறை துக்கம் விசாரிக்க வந்தவர் முகத்தோடு வந்தார்.

"வூட்ல போட்டுப் பாத்தோம். வரல. அப்ப இது தூள் இல்ல டீச்சர், உங்க கை."

தூளை மாற்றலாம், பாலை மாற்றலாம். கைக்கு நாங்கள் எங்கே போவது?

ஒரு சனிக்கிழமை அவரும் நான் ஏறிய பஸ்ஸிலேயே வந்தார். கச்சிராயபாளையம் வரை பேப்பர் படித்தார். மலை ஏறத் தொடங்கியதும் பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கைக்குட்டையால் வாயைப் பொத்தினார். மேல் வளைவுகளில் தலை ஜன்னலுக்கு வெளியே இருந்தது. இறங்கும்போது வயிறு காலி. முகம் வெளுத்திருந்தது. மேலே குளிர் வேறு. முகம் கழுவப் பள்ளிப் பக்கம் போனார். நான் முந்திக்கொண்டு வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன்: அவருக்கு ருசித்தது தூளும் இல்லை, கையும் இல்லை, வளைவுகள்.

"நீங்க வாந்தி எடுக்கிறதாலதான் சார் ருசிக்குதுன்னு நான் போய்ச் சொல்லட்டுமா?" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டுப் பக்கத்து வீட்டம்மாளைக் கூப்பிட்டு அடுப்படியில் நிறுத்தினாள்.

அதிகாரி வந்து குடித்தார். "பாத்தீங்களா சார்," என்றார் என்னிடம். "டீச்சர் கைப்பக்குவம்."

"நான் அடுப்பாண்டையே போவல சார். இவங்க போட்டது," என்றாள் மனைவி. "இவங்களுக்கு டிரான்ஸ்பரும் கெடையாது. நீங்க எப்ப வந்தாலும் இங்கதான் இருப்பாங்க."

அந்தம்மாள் வாசலுக்கு வந்தார். "டீச்சரம்மா போனா இன்னா சாரு, நான் தரேன். ஆனா அந்த ஆட்டுப்பாலு காப்பி மட்டும் கேக்காதீங்க. எனக்கு அது வராது."

"ஆட்டுப்பாலா?"

அதிகாரி டம்ளருக்குள் பார்த்தார். பிறகு மிச்சத்தையும் குடித்தார்.

கோடை விடுமுறை முடிவதற்குள் உத்தரவு வந்தது.

மலையிலிருந்து கொண்டுவந்த தூளில் திருக்கோவிலூர் வீட்டில் மனைவி காப்பி போட்டாள். ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்தேன்.

"இன்னா?"

"அங்க இருந்த மாதிரி இல்ல."

"தூளும் அதேதான், கையும் அதேதான்," என்றாள். "கரியாலூர் வரைக்கும் பஸ்ல போயிட்டு வாங்க. சூடு பண்ணி வெக்கிறேன்."

சனிக்கிழமைதோறும் அதே வளைவுகளில் நானும்தான் ஏறியிருந்தேன்.

உள்ளேயிருந்து மகள் கூப்பிட்டாள். என் மனைவியின் வகுப்பிலேயே அவளைச் சேர்த்திருந்தோம். வகுப்பில் எல்லாரும் கூப்பிடுகிறபடியே அவளும் கூப்பிட்டாள்.

"டீச்சர்!"

"வரேன்டீ," என்று எழுந்து போனாள் மனைவி. அவளுடைய காப்பி ஆறிக்கொண்டிருந்தது.